ஒஸ்டினின் வலப்பக்கக் கதவு

செல்லச்சாமி ஒரு ஸ்பார்க் பிளக்கை இடது தொடைக்கும் கதிரையின் கைப்பிடிக்கும் நடுவே இறுக்கி வைத்து, இடது கையால் மணல்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

மஹய்யாவயில் இருபது வருடம் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டியவர். ஒரே கார், இரண்டு கதவு மொரிஸ் மைனர். 1978இல் அவரைப் பார்த்துக்கொள்ள மகள் பாலாம்பிகை நர்ஸான என்னை அழைத்தாள். மூன்று மாதத்துக்குள் வலது காலைப் பழக்காவிட்டால் பிறகு நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் பயிற்சி. அவரோ இரண்டு முறை போகவில்லை. அதற்கு முந்தின தடவை மூன்று பேர் தூக்கி மொரிஸுக்குள் திணித்தார்கள். கியர்க் கம்பியில் முழங்கால் இடித்து இரத்தம் வந்தது. தெருவே நின்று பார்த்தது.

"நான் என்ன அரிசி மூட்டையா மிஸ்ஸி?" என்றார்.

அன்று மாலை ஜமால்தீன் தன் ஒஸ்டின் சோமர்செட்டில் வந்து இறங்கினார். இருவரும் ஒரே கார் ஸ்டாண்டில் நின்றவர்கள். யார் கார் நல்லது என்ற சண்டையும் இருபது வருடப் பழசு.

"நாளைக்கி என்ட கார்ல போவோம்."

"அந்தக் கொதிக்கிற கேத்தல்லயா? கலஹா ஏத்தத்துல ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனது யாரு, ஜமால்தீன் நானா?"

"ஆறு பேர ஏத்தினா கொதிக்கத்தான் செய்யும். ஆயிரத்து இருநூறு சீசீ, நாப்பத்திரண்டு குதிர. ஒங்கட முப்பத்தேழு குதிரைக்கி ஆறு பேர ஏத்திப் பாருங்க, எறங்கித் தள்ளோணும்."

"என் ஸ்டியரிங் ஒத்த விரல்ல திரும்பும். ஒங்களுது ஆட்டுக்கல்லு."

பேசட்டும் என்று விட்டுவிட்டு நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். குதிரைச் சக்தி எனக்குத் தேவையில்லை. ஒஸ்டினின் சீட் மொரிஸைவிட மூன்று அங்குலம் உயரம். முன் சீட் நடுவே பிரியாமல் ஒரே நீளம். கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டில் இருந்தது. நடுவே இடிக்க ஒன்றும் கிடையாது.

இடக்கதவால் ஏறுகிறவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தால், பிடிக்க வேண்டிய கம்பம் வலது கைப் பக்கம் வரும். அவருக்கு அந்தக் கை உதவாது. வலக்கதவில் எல்லாம் மாறும். இடது கையால் பிடித்து உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து அடுத்த பக்கம் போகலாம். மொரிஸில் முடியாது.

உள்ளே வந்து சொன்னேன்: "நாளைக்கு ஒஸ்டின். நீங்க ட்ரைவர் கதவால ஏறுவீங்க. யாரும் தூக்க மாட்டாங்க."

அவர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெசமா தூக்க மாட்டீங்களா?"

"இடுப்பு பெல்ட்ட மட்டும் புடிச்சிருப்பேன்."

ஜமால்தீன் வாயைத் திறந்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை சீட்டில் பொலித்தீன் உறையை விரித்தேன், வழுக்குவதற்கு. செல்லச்சாமி கதவுக் கம்பத்தைப் பிடித்து, முதுகைக் காட்டி, தானே உட்கார்ந்தார். வலது காலை இடது கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஸ்டியரிங் முன்னால் இருந்தது. அவர் நகரவில்லை. இடது கை கியர்த் தண்டுக்குப் போனது. மேலே தள்ளினார், கீழே இழுத்தார், நடுவில் விட்டார்.

"செக்கண்ட் கியர் லூசா இருக்கு நானா. பாக்க மாட்டீங்களா?"

"ஒங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். கால் சரியானதும் வந்து பாருங்க," என்றார் ஜமால்தீன். அவர் வெளியே வெயிலில் நின்றார், அவசரப்படுத்தவில்லை.

பிறகு செல்லச்சாமி இடது காலை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பக்கம் நகர்ந்தார். நான் பெல்ட்டை விட்டேன். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.