பாதியில் நின்ற எண்

தொலைபேசி நிலையத்தில் அவளுக்குத் 'துப்பறியும் அக்கா' என்று பட்டப்பெயர். வைத்தவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. யாராவது எண்ணைப் பாதி சுழற்றிவிட்டு ரிசீவரை அப்படியே விட்டால், அந்த அழைப்பைத் தாங்கும் சுவிட்ச் மேலேறி நின்றுகொண்டு சிவப்பு விளக்கை எரியவிடும். மற்ற மெக்கானிக்குகள் விரலால் ஒரு தட்டு தட்டி அதைக் கீழே இறக்கி, அடுத்த அழைப்புக்கு விட்டுவிடுவார்கள். இவள் மட்டும் முதலில் யார் வீடு என்று பார்ப்பாள். பதினொரு வருடத்தில் கண்டதெல்லாம் குழந்தை விளையாடிய ரிசீவரும் பூனை தள்ளிய ரிசீவரும்தான்.

"கூப்பிட்டவங்களுக்கு மனசு மாறியிருக்கும். உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

"நீங்க பாதி வழியில பஸ்ஸை நிறுத்தினா ஏன்னு கேக்க மாட்டாங்களா?" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஊரே ஒன்றாகப் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று இலக்கத்தோடு ஓர் அழைப்பு நின்றது. ஏணியில் ஏறி அந்தச் சுவிட்சில் காதுபேசியைச் செருகினாள். எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடியது. நடுவில் ஒரு முனகல்.

"யாருங்க? பேசுங்க!"

முனகல்தான் வந்தது.

"தட்டி விடும்மா! லைன் கிடைக்கலன்னு எல்லாரும் என்னைத் திட்டித் தீக்கிறாங்க!" என்று மேற்பார்வையாளர் ஏணிக்குக் கீழே நின்று கத்தினார்.

"தட்டினா எந்த வீடுன்னே தெரியாமப் போயிடும் சார். யாரோ விழுந்து கிடக்கிறாங்க."

அது உண்மை. சுவிட்ச் பிடித்திருக்கும்வரைதான் அழைப்பு வந்த வழி தெரியும். கம்பியைப் பின்தொடர்ந்து முந்தைய வரிசைக்கு ஓடினாள், அதற்கும் முந்தைய வரிசைக்கு ஓடினாள். பதற்றத்தில் ஓர் அடுக்கைத் தப்பாக எண்ணி, தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். இதற்குள் ஒரு மெக்கானிக் பழக்க தோஷத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்து விரலை நீட்ட, மேற்பார்வையாளரே பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எண் கிடைத்தது. முகவரி அட்டையைத் தேடி எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். பிறகு அவள் காதுபேசியோடு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபது நிமிடம் கழித்துக் கதவை உடைக்கும் சத்தம். ஓர் ஆண் குரல்: "உயிர் இருக்கு, தூக்குங்க!" யாரோ ரிசீவரை எடுத்து வைத்தார்கள். யாரும் தட்டாமலே சுவிட்ச் 'கடக்' என்று இறங்கியது. அவள் வாய்விட்டு அழுதாள்.

அன்று மதியம் இன்னொரு விளக்கு எரிந்தது. ஒரு விரலும் நீளவில்லை. ஆளுக்கொரு வரிசையாக ஓடித் தேடினார்கள். காதுபேசியில் கேட்டது பூனையின் குரல். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.