பட்டுச்சேலைத் தீ

கனடாவில், மொன்றியல் நகரில் பெரியப்பா மேடையேற்றிய நாடகத்தின் கடைசிக் காட்சியில் அரண்மனை எரியவேண்டும். எழுதியவரும் அவரே, எரிந்து சாகும் அரசனும் அவரே. ஆகவே நெருப்பு அசலாக இருக்கவேண்டுமென்று தீப்பந்தங்களே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த அரங்கு மிகப் பழையது. ஒரு காலத்தில் ஆட்டமும் பாட்டுமாக இருந்த இடம். அங்கே தீக்காவலுக்கு நின்ற பெண்மணி பந்தங்களைக் கண்டதும் கையை விரித்து மறித்தார். பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. மூன்றாம் வகுப்புப் பிரெஞ்சோடு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"சின்ன நெருப்புத்தான் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். அந்தப் பெண்மணி மேடையின் முன்விளிம்பைக் காட்டி நீளமாக ஏதோ விளக்கினார்.

"முந்தி இதிலை வரிசையா காஸ் விளக்கு எரிஞ்சதாம், பெரியப்பா. ஆடிக்கொண்டு வந்த ஒரு அக்காவின்ரை பாவாடையிலை பத்தி, அவ செத்துப்போனாவாம்."

பெரியப்பா என் பாவாடையைப் பார்த்தார். பந்தங்களைக் காரில் கொண்டுபோய்ப் போட்டார்.

வழி கண்டுபிடித்தவர் அம்மா. தன் சிவப்பு, மஞ்சள் பட்டுச்சேலைகளைச் சிம்மாசனத்தைச் சுற்றிக் கட்டினார். கீழே மின்விசிறி, சிவப்பு விளக்கு. விசிறியைப் போட்டதும் சேலைகள் எழுந்து நாக்கு நீட்டின. ஒத்திகையில் காவல் பெண்மணியே கைதட்டினார்.

நாடகத்தன்று தீ நன்றாகவே எரிந்தது. பெரியப்பா தன் சாபத்தைத் தொடங்கியபோது ஒரு முந்தானை அவிழ்ந்து, சூடேறிய விளக்கின்மேல் விழுந்தது. புகை கிளம்பியது. சனம் அதையும் நாடகமென்று நினைத்து ஆரவாரித்தது. காவல் பெண்மணி மட்டும் ஈரப் போர்வையோடு மேடைக்குப் பாய்ந்தார். சேலையையும் சிம்மாசனத்தையும் அரசனையும் சேர்த்து மூடி அமுக்கினார்.

"விடு பிள்ளை, நான் இன்னும் சாகேல்லை!" என்றது போர்வை.

அரங்கே சிரிப்பில் அதிர்ந்தது. எனக்கு வயிறு நொந்துவிட்டது. சொட்டச் சொட்ட எழுந்த பெரியப்பாவும் கும்பிட்டபடி சிரித்தார்.

திரை விழுந்த பிறகு அம்மாவைத் தேடிப் போனேன். அவர் அந்தப் பெண்மணியின் கைகளைப் பிடித்தபடி, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அழுதுகொண்டிருந்தார். ஊரில் எங்கள் வீடு எரிந்தபோது அணைக்க ஒருவரும் வராத கதையை அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புகையைக் கண்டதும் ஒருவர் ஓடிவந்ததில் அழ என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. ஒரு சேலை கருகிய கவலையாக்கும் என்று நினைத்து, "வேறை வாங்கலாம் அம்மா" என்றேன்.