ஒரே வண்டியில் வந்த தவிடும் யூரியாவும்

லாரி கிளீனர், தோட்டக்கூலி என்று அலைந்துவிட்டு, வேலந்தாவளத்தில் மாட்டுத்தீவனமும் உரமும் விற்கும் கடை வைத்தேன். பொள்ளாச்சி வியாபாரிகள் தவிடு, புண்ணாக்கு, உரம் மூன்றையும் தனித்தனி வண்டியில் அனுப்பியதால் லாபம் வாடகைக்கே போனது. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

"ஏனுங்க, மாட்டுக்கும் வயலுக்கும் ஒரே பந்தியா?" என்று சிரித்தாள் மனைவி.

வண்டி வந்ததும் பக்கத்து வீட்டுச் சரசக்கா முதல் தவிட்டு மூட்டையை வாங்கிப் போனார். அடுத்ததை இறக்கும்போதுதான், மேலிருந்த யூரியா மூட்டை கிழிந்து, சாக்கு இடுக்கு வழியே தவிட்டுக்குள் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். யூரியா தின்ற மாடு பிழைப்பது அரிது. ஓடினேன். அக்கா தவிட்டைக் கரைத்துச் சினைமாட்டின் முன் வைத்துவிட்டார். அது வாய் வைக்குமுன் பக்கெட்டைக் கவிழ்த்தேன்.

விஷயத்தைக் கேட்டவர், "மாடு தப்பிச்சுது, உனக்குத்தான் உசுரு போகப் பாக்குது. மோரு குடி சாமி" என்றார்.

இப்போதும் தவிடும் புண்ணாக்கும் ஒரே வண்டியில்தான் வருகின்றன. உரத்துக்குத் தனி வண்டி. அந்த வாடகையை மட்டும் மிச்சம் பிடிக்க நினைப்பதில்லை.