கை மாறிய காப்பு

1965-இல் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது சிவகாசித் தெருக்களில் ஒரே பேச்சுத்தான்: இந்த ஊர்மேல் குண்டு விழுந்தால் என்ன மிஞ்சும்? தீபாவளி சீசன் வேறு. கிடங்கெல்லாம் வெடி.

பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதியின் மனைவி ஆவுடைத்தாய் லேசில் அசைகிறவள் அல்ல. ஆனால் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஞானசுந்தரி, விமானச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெலவெலத்துப் போனாள். வெம்பக்கோட்டையில் ஆவுடைத்தாயின் தம்பி வீடு இருந்தது. அங்கே போகலாம் என்றால் ஒரு தடை. மகளின் சுகப்பிரசவத்துக்காக அம்மன் பொங்கலுக்கு ஆவுடைத்தாய் காப்புக் கட்டியிருந்தாள். தெருப் பெண்களின் முளைப்பாரிச் சட்டிகளும் அவள் வீட்டு இருட்டறையில்தான் வளர்ந்தன. காப்புக் கட்டினவள் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

கனகசபாபதி வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டு, முடிவை மனைவியிடமே விட்டுவிட்டார். ஆவுடைத்தாய் இருட்டறையில் முளைகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி கண்ணீர் விட்டாள். கம்பெனியில் திரி வைக்கும் வெள்ளைத்தாய் பக்கத்தில் நின்றாள்.

"குண்டு போட வாரவன் நம்ம சரக்கைப் பாத்தா ஆர்டர் குடுத்துட்டுப் போவான்," என்று முதலில் சிரிக்க வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "தாயில்லாம அந்தப் பிள்ளை எப்படிப் பெத்துக்கிடும்? காப்பை எனக்குக் கட்டிவிட்டுட்டுப் போங்கம்மா. தண்ணி நான் ஊத்துறேன்."

பூசாரியும் சம்மதித்து, தான் கட்டிய காப்பை அவிழ்த்துக் கொடுத்தார். ஆவுடைத்தாய் அந்த மஞ்சள் கயிற்றை வெள்ளைத்தாயின் கையில் கட்டிவிட்டு வண்டி ஏறினாள்.

சண்டை நின்ற பிறகு மகளோடும் பேரனோடும் திரும்பினாள். பொங்கல் முடிந்து முளைப்பாரி கரைத்தாகிவிட்டது. ஆனால் வாசலில் நின்ற வெள்ளைத்தாயின் கையில் அந்த மஞ்சள் கயிறு வெளுத்துப்போய் அப்படியே கிடந்தது. கட்டின கைதான் அவிழ்க்க வேண்டுமாம். அவள் புருஷன் கண்ணுச்சாமி பயந்துபோய், பிள்ளைகளை ஆமத்தூரில் தன் அக்காள் வீட்டுக்கு, ஆவுடைத்தாய் கிளம்பிய அன்றைக்கே கூட்டிப் போய்விட்டான், இன்னும் திரும்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீ போகலையா தாயி?"

"காப்புக் கட்டினவ எப்படிம்மா போறது?"

தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டுமே கொடுத்துவிட்டுப் போனதாக அத்தனை நாளும் ஆவுடைத்தாய் நினைத்திருந்தாள். வெள்ளைத்தாயைத் திண்ணையில் உட்காரவைத்து, பேரனை அவள் மடியில் வைத்துவிட்டு, இறுகிப்போன முடிச்சை அவிழ்த்தாள். மாடுகளை அவிழ்க்கப் போன வண்டிக்காரனைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"மாடு பூட்டினபடியே இருக்கட்டும். இவளை ஆமத்தூருக்குக் கூட்டிட்டுப் போ. பிள்ளைக தேடியிருக்கும்."