ஒரகடத்தில் ரோடு கடக்கும் மீன்கள்

போன நவம்பரில் சில நாள் விடாத மழைக்குப் பிறகு ஸ்டெல்லா ஒரு வீடியோ அனுப்பினாள். ஈரத் தார் ரோட்டில் உள்ளங்கை நீளப் பனையேறிக் கெண்டை ஒன்று செவுளை ஊன்றி ஊன்றி நகர்கிறது. “நடந்துக்கினு போவுதுக்கா. எங்கன்னுதான் தெரியல,” என்று அவள் குரல். தாம்பரம் விடுதியில் முன்பு என் அறைத்தோழி. இப்போது சொந்த ஊரான ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. எங்கே போகிறது என்று பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. சனிக்கிழமை விடியலில் கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மின்சார ரயில், பத்து ரூபாய். அங்கிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

“இன்னாமா, இன்டர்வியூவா?” என்றார் டிரைவர்.

“மீன் பாக்கப் போறேன்.”

“மார்க்கெட் இந்தாண்ட இல்லியே,” என்று யோசனையாகத் திரும்பிப் பார்த்தார்.

நைட் ஷிஃப்ட் முடித்த ஸ்டெல்லா யூனிஃபார்மோடு காத்திருந்தாள். ரோட்டுக்கு இந்தப்பக்கம் மேலேரி, அந்தப்பக்கம் கீழேரி. மேலேரி நிரம்பி வழியும் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் வழியாகக் கீழேரிக்குப் போகிறது. அந்தப் புதுத் தண்ணீரை எதிர்த்துத்தான் கீழேரி மீன்கள் மேலே ஏறும். மேலேரி முந்தைய கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்ததாம். அதில் மறுபடி மீன் வரவேண்டுமானால் இந்த வழிதான்.

கீழேரிப் பக்கச் சரிவில் இறங்கிப் பார்த்ததும் சிக்கல் புரிந்தது. விழுகிற தண்ணீர் மண்ணை அரித்து அரித்து, குழாயின் வாய் முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. கீழே பள்ளத்தில் மீன்கள் மொய்த்தன. விரால்கள் துள்ளி, குழாய் விளிம்பில் மோதி விழுந்தன. பனையேறி மட்டும் கரை மேல் ஊர்ந்து, லாரிகள் ஓடும் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே ஸ்டெல்லாவின் ஊர்க்காரர் ஏழுமலை வலையோடு நின்றிருந்தார்.

“வாயாண்ட கல்லு அடுக்கினா மீன் ஏறிடும்ணா,” என்றாள் ஸ்டெல்லா.

“ஏறிட்டா எனக்கு இன்னா கீது? இங்க நிக்கறதாலதான் வலைக்கு வருது.”

“கீழேரியும் ஒரு கோடையில காஞ்சா? மேல மீன் இருந்தாத்தானே தண்ணியோட இங்க வரும்?”

அவர் யோசித்தார். “நாலு விரால பக்கெட்ல மொண்டு அந்தாண்ட வுட்டா போச்சி.”

“நாம வராத வருஷம்?”

அவர் வலையை உதறி விரித்தார். ஒரு வீச்சு போட்டு, வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, உடைந்த கான்கிரீட் துண்டு ஒன்றைப் புரட்டத் தொடங்கினார்.

ரோடு வேலையில் மிஞ்சிய கற்கள் சுற்றிலும் கிடந்தன. மூவருமாகப் படிப்படியாக அடுக்கினோம். முதல் அடுக்கு சரிய, மறுபடி கட்டினோம். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. பள்ளத்தில் தண்ணீர் மெல்ல உயர்ந்து, கல்லுக்குக் கல் வழிந்தது.

கெண்டைப் பொடிகள் முதலில் ஏறின. அப்புறம் முழங்கை நீள விரால் ஒன்று முதல் படியிலேயே வழுக்கி விழுந்தது. சற்று நேரம் அசையாமல் கிடந்து, ஒரே உந்தில் குழாயின் இருட்டுக்குள் போய்விட்டது. நாங்கள் ரோட்டைக் கடந்து குழாயின் மறுவாய்ப் பக்கம் போய் நின்றோம். கலங்கிய தண்ணீரில் ஒரு வால் திரும்பியது.

“பூடுச்சி,” என்றார் ஏழுமலை. பிடித்த மீனைவிட விட்ட மீனைப் பற்றித்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஏரி நிரம்பும் முதல் பெருமழைக்குப் பிறகு, காலையில் போங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், வல்லக்கோட்டை முருகன் கோவில் கூட்டத்தில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். ரோட்டில் நின்று படம் எடுக்காதீர்கள்.

எங்கள் கற்கள் அடுத்த வெள்ளத்தைத் தாங்குமா, தெரியாது. ஆனால் டிசம்பரில் ஸ்டெல்லா மறுபடி ஒரு வீடியோ அனுப்பினாள். மேலேரியில் ஒரு தாய் விரால். அதன் தலைக்கு மேல் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம். அது அன்று ஏறிய விரால்தானா என்று கேட்டேன்.

“யாருக்குக்கா தெரியும்? வழி இருந்துச்சு, வந்துச்சு.”