குன்னூர்த் துரையின் வெள்ளிப் பதக்கம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை ஊழியரின் மூத்த மகனாகப் பிறந்து, உதவித்தொகையில் படித்து, டெக்சாஸ் இர்விங்கில் நிலைத்தவர். இரண்டு முறை வேலை போனபோதும் வீட்டில் முகம் சுளிக்காதவர். அதிகம் பேசமாட்டார், அவருக்கும் சேர்த்து அம்மா பேசிவிடுவார்.

ஓய்வு பெற்றபின், இங்கே ஒரு பழம்பொருள் கடையில் கறுத்துப்போன வெள்ளிப் பதக்கம் ஒன்றை வாங்கிவந்தார். முன்புறம் குதிரை வீரன், குறுக்கே இரண்டு துப்பாக்கிகள். பின்புறம் ஓர் ஆங்கிலேயரின் பெயர். அதன் கீழே, குன்னூர். தோட்டத் துரைமார் தாங்களாகவே சேர்ந்து நடத்திய குதிரைப்படையில், குறி தவறாமல் சுட்டவருக்குக் கொடுத்த பரிசாம். அப்பாவுக்கு அதன்மேல் பித்துப் பிடித்துவிட்டது. அதைக் கையில் பொத்திக்கொண்டு பால்கனியில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். ஃப்ரீவே இரைச்சல் அவருக்கு மட்டும் மூடுபனிக்குள் போகும் குதிரைகளாகக் கேட்குமாம். எங்களுக்கு லாரிதான் கேட்டது.

“இதை அவங்க குடும்பத்துக்கிட்ட என் கையால கொடுக்கணும், கண்ணு” என்றார்.

என் கணவர் இணையத்தில் தேடித் தேடி, துரையின் கொள்ளுப்பேத்தியைக் கண்டுபிடித்தார். டெக்சாஸிலேயே இருந்த அவர், நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றி, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வரும்வரை அப்பா தாங்குவாரா என்று பயந்துகொண்டே இருந்தோம்.

அவர் வருகிற அன்று, அம்மா விபூதி போட்டுத் தேய்த்துப் பதக்கத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டார். சந்தனமும் குங்குமமும் வேறு.

“அய்யோ அம்மா! ஆன்டிக்கை யாராச்சும் க்ளீன் பண்ணுவாங்களா? வேல்யூவே போச்சு!” என்றேன்.

“ஒருத்தருக்குக் கொடுக்கற வெள்ளிய அழுக்கோடயா கொடுப்பாங்க?”

அப்பா சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

வந்தவர் எழுபதைத் தாண்டிய அம்மையார். அப்பாவின் கையை அம்மா தாங்கிக்கொள்ள, அவர் பதக்கத்தைக் கொடுத்தார். பின்னாளில் டெக்சாஸில் குடியேறிய அந்தத் துரை, இந்த வெயிலில் கடைசிவரை மலைப்பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக வீட்டில் சொல்வார்கள் என்று சொல்லி அந்த அம்மையார் அழுதார்.

“ஐ நோ” என்றார் அப்பா.

அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அங்கிளுக்கும், இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், விமானமேறி ஓடிவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இறுதிச் சடங்குக்கு மறுபடியும் அவ்வளவு தூரம் கார் ஓட்டிவந்த அந்த அம்மையாருக்கும்தான். வாய்க்கரிசி போடும் வரிசையில் அவரைக் கண்டு சித்தப்பா திகைத்துப்போனார்.

“அண்ணி, இவங்க யாரு?”

அம்மா அரிசியை அள்ளி அவர் கையில் வைத்தார்.

“நம்ம குன்னூர்க்காரங்க, தம்பி. வழி விடுங்க.”