பேர் சொல்லாத டிரங்கால்

மலையாளத் தலைநகரின் சாலைக் கம்போளச் சந்தையில் பிச்சம்மாள் கத்தரிக்காய் விற்றாள் என்றால் அது பாதிதான் உண்மை. கத்தரிக்காய் கூடையில் இருக்கும். குரல் ஊர் சுற்றப் போய்விடும். "நாஞ்சில் வழுதலங்கா! காம்பைப் பாருங்க, காம்பை!" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்ததில், கிழக்கேகோட்டையில் வித்துரா பஸ் ஏறிவிட்ட ஒரு ஆள் இறங்கி வந்து அரைக்கிலோ வாங்கிப் போனதாகச் சொல்வார்கள். பொய்யாக இருக்கலாம். ஆனால் அவள் குரலைக் கேட்டவர்கள் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

அந்தக் குரலால்தான் அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. வள்ளியூரில் பெண் பார்க்க வந்த முதல் கூட்டம், "பிள்ளைக்குப் பாட வருமா?" என்று கேட்டது. "வராது" என்று அடுக்களையிலிருந்து அவளே பதில் சொன்னாள். வந்தவர்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. இரண்டாவது கூட்டம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "வீட்டுல பேசிட்டு லெட்டர் போடுதோம்" என்று போனது. அந்த லெட்டர் இன்னும் வழியில் இருக்கிறது போலும். பிறகு அண்ணன் பகவதிப்பெருமாள் சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்க வந்தபோது அவளும் கூட வந்தாள். பிறந்ததிலிருந்து அம்மா, வாத்தியார், மதினி என்று எல்லார் வாயிலும் அவளுக்கு ஒரே புத்திமதிதான்: "பையப் பேசு, பிச்சம்மா."

பையப் பேச, மெல்லப் பேச, அவளுக்கு வராது. முப்பத்துமூன்று வயதில் இனி வரவா போகிறது?

குரலுக்கு விடிவுகாலம் எழுபத்தேழில் வந்தது. பக்கத்து வீட்டுச் சிவகாமியம்மாளின் மகன் பூதலிங்கம் ஷார்ஜாவுக்குத் தச்சுவேலைக்குப் போனான். ஊருக்கு வெளியே மணலில் ஒரு கேம்ப். அங்கே மெஸ்ஸில் ஒரு போன். போனுக்கு அடுத்த அறையில் ஜெனரேட்டர். அதை யோசித்து வைத்தவன் யாரோ, அவனுக்கு நல்ல சாவு வராது என்பது சிவகாமியம்மாளின் கட்சி. காலையில் தந்தி ஆபீசில் டிரங்கால் புக் பண்ணி, கட்டிக்கொண்டுபோன இட்லியைத் தின்று, ஐந்து மணி நேரம் பெஞ்சைத் தேய்த்து, கடைசியில் லைன் கிடைத்தது. மூன்று நிமிஷமும் "ஹலோ, ஹலோ, கேக்கலியே மக்கா" என்றே போய்விட்டது. அவள் அழுதுகொண்டே வீடு வந்தாள்.

அடுத்த மாதம் பிச்சம்மாளைக் கையோடு கூட்டிப் போனாள். பிச்சம்மாள் பூத்துக்குள் நின்று, "பூதலிங்கம்! ஒங்கம்மைக்கி மூட்டுவலி கொறஞ்சாச்சு! பசு கன்னு போட்டாச்சு! கெடாரிக்கன்னு!" என்றாள். கடலுக்கு அந்தப்பக்கம் அவன் "கேட்டுதுக்கா, கேட்டுது!" என்று சிரித்தான். வெளியே தந்தி கொடுக்க வந்தவர்களும் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். கெடாரிக்கன்று என்றால் சும்மாவா?

அதன்பின் அந்தக் கேம்ப்புக்குப் பிள்ளையை, புருஷனை அனுப்பின வீட்டுக்காரர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை வந்தால் பிச்சம்மாளைத் தேடினார்கள். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞானபாய் என்று புதுசாகக் கல்யாணம் ஆன ஒருத்தி. அவள் காதோடு காதாகச் சொன்னதைப் பிச்சம்மாள் அப்படியே போனில் போட்டாள்: "ஒம்ம நெனச்சு நெனச்சு ஒறக்கமே இல்லன்னு சொல்லுதா ஒம்ம பொண்டாட்டி!" ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஞானபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிச்சம்மாள் அதோடு விட்டாளா? பதிலையும் அதே சுருதியில் சொன்னாள்: "அவருக்கும் ஒறக்கம் இல்லியாம்!" மணியார்டர் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கைதட்டினார்.

எல்லாம் பி.பி. கால். அதாவது இன்ன ஆள் வேண்டும் என்று பேரைச் சொல்லிப் புக் பண்ண வேண்டும். அந்த ஆள் போனுக்கு வந்த பிறகுதான் நிமிஷம் ஓடத் தொடங்கும். அங்கே போனை எடுப்பது மெஸ் சமையல்காரர். களக்காட்டுக்காரர், பேர் ஆறுமுகநயினார். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "யாரு வேணும்?" பிச்சம்மாள் பேரைச் சொல்வாள். அவர் வாசலில் நின்று கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் குளித்துக்கொண்டிருப்பான். லைன் சேர்த்துக் கொடுக்கிற பம்பாய் ஆபரேட்டர் அடுத்த லைனைக் கவனிக்கப் போய்விடுவாள். அந்த இடைவெளியில் இவர்கள் இரண்டு பேரும் சும்மா நிற்க வேண்டும். பிச்சம்மாள் எப்போது சும்மா நின்றிருக்கிறாள்?

"ஓய் ஆறுமுகநயினாரே, இன்னைக்கி என்ன கொளம்பு?"

"கத்தரிக்கா புளிக்கொளம்பு. காய்தான் சப்புன்னு இருக்கு."

"காயைக் குத்தஞ் சொல்லாதீரும். எண்ணெயில வதக்கினீரா?"

வதக்கவில்லை. அடுத்த வெள்ளி வதக்கினார். அதற்கடுத்த வெள்ளி, லீவில் வந்து திரும்பிய ஒருவன் பெட்டியில் பிச்சம்மாள் கத்தரிக்காய் வற்றல் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. உள்ளே தொண்டைக்குச் சப்புகிற மிட்டாய். 'தொண்டையைக் கவனிச்சுக்கிடணும்' என்று ஒரு துண்டுச் சீட்டு. இந்தத் தொண்டை அடையாதா என்று நேர்ந்துகொண்டவர்கள்தான் இதுவரை உண்டு. பிச்சம்மாள் அந்த மிட்டாயில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. டப்பாவைத் தினமும் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

இப்படி இரண்டு வருஷம். எழுபத்தொன்பது சித்திரையில் பூதலிங்கம் லீவில் வந்தான். ஆறுமுகநயினார் கொடுத்துவிட்ட ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, கூடையடியில் வைத்துவிட்டு ஓடினான்.

கடிதம் நாலு வரிதான். 'உன் சத்தம் கேக்காத வெள்ளிக்கிழமை எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்லை. ஆனியில லீவு. சம்மதம்னா வந்து உங்க அண்ணன்கிட்ட கேக்கேன். வர்ற வெள்ளி மத்தியானம் போன் பக்கத்தில நிப்பேன். உன் வாயால சொல்லணும்.'

பிச்சம்மாள் அன்று கத்தரிக்காய் கேட்டவர்களுக்கு வெண்டைக்காய் போட்டாள். தராசைத் தலைகீழாகப் பிடித்தாள். சம்மதமா என்று மனசைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அது இரண்டு வருஷத்துக்கு முன்பே பெட்டி கட்டிவிட்டது. சிக்கல் வேறே. மெல்லச் சொன்னால் ஜெனரேட்டர் விழுங்கிவிடும். சத்தமாகச் சொன்னால் தந்தி ஆபீஸ் ஹாலில் இருக்கிற அத்தனை பேருக்கும், வாசலில் நிற்கிற டாக்சிக்காரர்களுக்கும் சேர்த்துக் கேட்கும். 'எனக்குக் கல்யாணத்துக்குச் சம்மதம்' என்று ஒரு பெண் நடுப்பட்டணத்தில் நின்று கத்துவதா? சாயங்காலத்துக்குள் மதினிக்குப் போய்ச் சேராதா? ஊரார் ரகசியத்தையெல்லாம் கூவி விற்றவள், தன் ரகசியத்துக்கு வழி தெரியாமல் திண்டாடினாள். பதில் சொல்லாமல் விட்டால் அவர் ஆனியில் வரமாட்டார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே குளித்து, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். பூவைப் பார்த்த சிவகாமியம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நானும் வாறேன்" என்று ஒட்டிக்கொண்டாள்.

கவுண்டரில் சுசீலாபாய். இரண்டு வருஷப் பழக்கத்தில் பாரத்தைப் பாதி தானே எழுதிவிடுவாள். நம்பர் எழுதியாகிவிட்டது.

"பி.பி. யாருக்காணு, பிச்சம்மா? பேரு பறயு."

பிச்சம்மாள் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. போன வெள்ளிக்கிழமைகூட 'ஓய்' என்று சேர்த்துக் கூப்பிட்ட பேர்தான். இப்போது நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கட்டிக்கொள்ளப் போகிறவரின் பேரை எந்தப் பெண் பிள்ளை சொல்வாள்? அம்மா அப்பா பேரைச் சொன்னதில்லை. மதினி ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாளே தவிர அண்ணன் பேரைச் சொன்னதில்லை. அந்தப் பட்டியலில் தானும் எப்போது சேர்ந்தோம் என்று பிச்சம்மாளுக்கே தெரியவில்லை.

"எந்தா, பேரு மறந்து போயா?"

"பேரு வேண்டாம். நம்பர் கால் போதும்."

"நம்பர் கால்னா யாரு எடுத்தாலும் மூணு நிமிஷம் ஓடும், கேட்டோ?"

"ஓடட்டும்."

சுசீலாபாய் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். சிவகாமியம்மாள் முகவாயில் கை வைத்தாள்.

நாலு மணி நேரம் கழித்து, "ஷார்ஜா! ரெண்டாம் நம்பர் பூத்!" என்று கூப்பிட்டார்கள். பிச்சம்மாள் உள்ளே போனாள். பூத்தின் கதவு எப்போதும் போல முழுசாகச் சாத்தவில்லை. சிவகாமியம்மாள் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். வழக்கமாக வருகிறவர்கள், இன்றைக்கு யார் வீட்டுக் கதையோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் ஜெனரேட்டர். அதற்கும் உள்ளே அந்தக் குரல், பழக்க தோஷத்தில்:

"ஹலோ, மெஸ். யாரு வேணும்?"

பிச்சம்மாள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ! யாரு வேணும்? பேரைச் சொல்லுங்க!"

"சொல்ல மாட்டேன்" என்றாள். ஹால் முழுக்கக் கேட்டது.

"யாரு, பிச்சம்மாளா? யாரைக் கூப்பிடணும்? பேரு சொன்னாத்தான கூப்பிட முடியும்?"

"பேரெல்லாம் சொல்லப்பிடாது! இனிமே நான் சொல்ல மாட்டேன்!"

ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. நிமிஷமும் ஓடியது. 'சமையல்காரருக்குப் புரியவில்லை, கெட்டது காரியம்' என்று பிச்சம்மாள் நினைத்தாள். அப்போது போன் எதிலோ இடித்துத் தொங்குகிற சத்தம் கேட்டது. செருப்புக் காலோடு யாரோ ஓடுகிறார்கள். ஒரு கதவு படாரென்று திறக்கிறது. பிறகு அந்த ஜெனரேட்டர், இரண்டு வருஷமாக அவள் எதிர்த்துக் கத்திய ஜெனரேட்டர், இருமி, முனகி, நின்றே போனது.

நிசப்தம். அதற்குள் தூரத்தில், "எவம்லே ஃபேனை அணைச்சது?" என்று பத்து முப்பது பேர் கூச்சல் போட்டார்கள். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"பிச்சம்மா" என்றார், மூச்சு வாங்கியபடி. "நிப்பாட்டிட்டேன். இனி நீ கத்த வேண்டாம்."

பிச்சம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பையப் பேசு, பையப் பேசு என்று ஊரே சொன்னதே, அவள் குரல் கேட்கும்படி அந்தப் பக்கத்துச் சத்தத்தை யாராவது நிறுத்தினார்களா? இந்த மனுஷன் கேம்ப் முழுவதையும் வேர்க்க விட்டுவிட்டு ஓடி வந்து நிற்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது. ரிசீவரை இரண்டு கையாலும் மூடி, வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேசினாள். தன் தொண்டைக்குள் இப்படி ஒரு சின்னக் குரல் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரியும்.

"ஆனி பொறந்ததும் வந்துருங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லாது."

"வந்துருதேன்."

"சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ?"

வெளியே ஹால் தவித்துப் போயிற்று. பிச்சம்மாளின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. இப்படி ஒரு காட்சியை அங்கே யாரும் கண்டதில்லை. லைன் போய்விட்டது, பாவம், அவளுக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். சிவகாமியம்மாள் ஓடிப்போய்ச் சுசீலாபாயைக் கூட்டிவந்தாள். இருவரும் பூத்துக் கதவை அகலத் திறந்தார்கள்.

"எந்தா பிச்சம்மா, லைன் கட்டாயோ?" என்றாள் சுசீலாபாய்.

"என்னட்டி, ஒண்ணுமே கேக்கலியே!" என்றாள் சிவகாமியம்மாள்.

பிச்சம்மாள் ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்... பையப் பேசுங்க."